கியர் இல்லாத ஸ்கூட்டரை வீட்டு வாசலிலேயே பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இது 100 முதல் 125 சிசி வரையிலான, கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்கான வழிகாட்டி. ஆக்டிவா, ஜூபிடர், ஆக்செஸ் என்று எது வைத்திருந்தாலும் இங்கே சொல்லும் வரிசை பொருந்தும். போல்ட் இருக்கும் இடமும் ஆயில் அளவும் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். அதற்கு வண்டியோடு வந்த மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியைப் பிரித்து வைத்தால், அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் தங்கள் வண்டியையும் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று பார்த்துப் பார்த்து அமைந்த வரிசை இது. பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில்தான் நடந்தன. இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டியதைச் சூட்டில் செய்தார்கள், சூட்டில் செய்ய வேண்டியதை ஆறவிட்டுச் செய்தார்கள். அதனால் இங்கே இரவு முழுக்க நின்ற வண்டியில் செய்யும் வேலைகள் முதலில் வருகின்றன. இன்ஜினைச் சூடாக்கிச் செய்பவை அடுத்து. ஆயில் வடியும் நேரத்தில் பிரேக்கைப் பார்த்துவிடலாம். முதல்முறை செய்பவர்கள் அரைநாள் ஒதுக்குங்கள்.

1. முதல்நாளே எடுத்து வைக்க வேண்டியவை

8, 10, 12, 14, 17 எம்எம் ரிங் ஸ்பானர்கள், வண்டிக்கு ஏற்ற பிளக் ஸ்பானர், ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், காற்று அழுத்தம் பார்க்கும் சின்ன கேஜ், பிளக் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ், சைக்கிள் பம்ப். ஓப்பன் ஸ்பானரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். அது போல்ட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும், இறுகிய போல்ட்டின் மூலையைத் தேய்த்துவிடும். ரிங் ஸ்பானர் எல்லா மூலைகளையும் பிடிக்கும்.

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரில் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஸ்கூட்டரின் பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன. முனை மழுங்கிய டிரைவரால் தலை தேய்ந்துபோன ஸ்க்ரூவை எடுக்க ஒரு மணி நேரம் போய்விடும்.

துடைக்கப் பனியன் வேஸ்ட். திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் கிலோ கணக்கில் எங்கும் கிடைக்கும். அதில் பருத்தித் துணியாகப் பார்த்துப் பொறுக்கி எடுங்கள், பாலியஸ்டர் கலந்த துணி அவ்வளவு நன்றாக உறிஞ்சாது. ஓரத்தில் நூல் தொங்கும் துண்டை ஆயில் ஊற்றும் வாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிய்ந்த நூல் உள்ளே விழுந்தால் ஆயில் போகும் வழியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கழற்றும் போல்ட்டுகளைப் போட்டு வைக்க நான்கைந்து தேங்காய்த் தொட்டிகள் போதும். ஒரு வேலைக்கு ஒரு தொட்டி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், நீளமான போல்ட் குட்டையான துளைக்குப் போய் அலுமினியத்தைப் பிளந்துவிடும். நானே ஒருமுறை ஒரு மூடியை அப்படிப் பிளந்திருக்கிறேன்.

கடையில் வாங்க வேண்டியவை: இன்ஜின் ஆயில், ஆயில் போல்ட்டுக்குப் புது வாஷர், கியர் ஆயில், ஒரு புது ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர். எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பிறகு வாஷருக்காகக் கடைக்கு ஓடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. ஞாயிற்றுக்கிழமையில் பாதி உதிரிபாகக் கடை பூட்டியிருக்கும்.

2. இடமும் வண்டியைக் கழுவுவதும்

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். மண் வாசலில் சென்டர் ஸ்டாண்ட் ஒரு பக்கம் அமுங்கும். வண்டி சாய்ந்தால் ஆயில் அளவு தப்பாகக் காட்டும், வண்டியே கவிழவும் கூடும். மேலே நிழல் இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்த இடமாக இருப்பது அதைவிட முக்கியம். மூடிய அறையில் இன்ஜினை ஓடவிடவே கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

முதல்நாள் சாயங்காலமே கழுவிவிடுங்கள். எங்கள் பக்கம் செம்மண் தூசி, விசைத்தறிப் பஞ்சு, தென்னை மட்டை மில் தூள் எல்லாம் சேர்ந்து இன்ஜின்மேல் அப்பியிருக்கும். கழுவாமல் திறந்தால் அது அப்படியே உள்ளே விழும். சைலன்சர் வாய், ஏர் ஃபில்டர் பெட்டி, ஸ்விட்சுகள் மேல் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே தள்ளிக்கொண்டு வாருங்கள். அடுத்த நான்கு வேலைகளும் இன்ஜின் ஆறியிருந்தால்தான் சரியாக வரும்.

3. பேட்டரி

இரவு முழுக்கச் சும்மா இருந்த பேட்டரிதான் தன் உண்மை நிலையைக் காட்டும். ஓட்டிவிட்டு வந்தவுடன் அளந்தால் செத்த பேட்டரிகூட நல்ல அளவைக் காட்டும்.

சாவி போடாமல் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் நன்றாக இருக்கிறது. 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போதவில்லை. அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் மீட்டரைப் பார்ப்பது. அந்த நேரத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். இந்தச் சோதனையில் இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், நாலைந்து நொடியில் இன்ஜின் சூடாகாது. மூன்றாவது அளவை, இன்ஜின் ஓடும்போது பார்ப்பதை, ஏழாம் பகுதிக்குத் தள்ளிவையுங்கள்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். காரணம் இதுதான்: வண்டியின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பானர் உடம்பில் பட்டால் நெருப்பு பறக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. வெந்நீரில் ஆப்பசோடா கலந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, மாட்டியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

பேட்டரி மூடியைத் திறந்த கையோடு அங்கே போகும் ஒயர்களையும் பாருங்கள். கட்டுத்தரையிலோ தோட்டத்துச் சாளையிலோ நிற்கும் வண்டியென்றால் எலி கடித்திருக்கலாம். கடித்த ஒயரை வெறும் டேப் சுற்றி விடாமல், சேர்த்துச் சால்டர் வைத்து மேலே ஸ்லீவ் போட வேண்டும். டேப் மட்டும் சுற்றினால் ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் இறங்கும்.

4. டயர்

காற்றைக் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும். ஓடிய டயர் சூடாகி அழுத்தம் கூடிவிடும். அளவு பெரும்பாலும் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். உதாரணமாக ஆக்டிவாவுக்கு முன்னால் 22 பிஎஸ்ஐ (psi), பின்னால் ஒருவர் போனால் 29, இருவர் போனால் 36. எல்லா வண்டிக்கும் இரண்டு பக்கமும் 30 அடிப்பது சிலரின் பழக்கம். அப்படி அடித்தால் முன்சக்கரம் மண் சிதறிய வளைவில் வழுக்கும். வீட்டு கேஜில் பார்த்து எழுதிக்கொண்டு, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை பங்க்கில் நிரப்புங்கள்.

5. ஏர் ஃபில்டர்

கொங்கு நாட்டில் ஓடும் வண்டிக்கு இந்தப் பகுதிதான் உயிர். மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு சாதாரண சாலைக்கானது. ஆடிக் காற்றில் உடுமலை, தாராபுரம் பக்கம் புழுதியில் ஓடும் வண்டிக்கும், தறி ஓடும் சந்துகளில் தினமும் நுழையும் வண்டிக்கும் அது பொருந்தாது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் சரியாக எரியாது, பிளக் கறுக்கும், மைலேஜ் விழும்.

ஃபில்டர் பெட்டி பெரும்பாலும் இடதுபக்கம், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும். மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி எடுத்ததும், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். செய்ய வேண்டியது அதைப் பொறுத்தது.

காகிதம் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் அது எண்ணெய் ஏற்றிய வகை. அதைத் தட்டவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது, கழுவவும் கூடாது. தூசியைப் பிடித்து வைப்பதே அந்த எண்ணெய்தான். காற்றடித்தால் எண்ணெய் ஒதுங்கி, அந்த இடம் வழியாகத் தூசி இன்ஜினுக்குப் போய்விடும். அழுக்கானால் மாற்றுவது ஒன்றே வழி.

உலர்ந்த காகிதமாக இருந்தால் மெதுவாகத் தட்டி, சைக்கிள் பம்ப்பால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாக ஏறும். பங்க்கில் இருக்கும் கம்ப்ரஸர் வேண்டாம், காகிதம் கிழிந்துவிடும்.

பழைய வண்டிகளில் இருக்கும் ஸ்பாஞ்சு வகையைச் சோப்புத் தண்ணீரில் கசக்கிக் கழுவி, முழுக்கக் காயவைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். முறுக்கிப் பிழியாதீர்கள், இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் போதும்.

ஃபில்டர் வெளியே இருக்கும்போது பெட்டியின் உள்பக்கத்தைத் துடையுங்கள். பல வண்டிகளில் பெட்டிக்கு அடியில் முனை அடைத்த ஒரு சின்ன டியூப் தொங்கும். அதில் கறுப்பாகத் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்திருக்கும். முனையைக் கழற்றி வடித்துவிட்டு மறுபடி அடையுங்கள். அடைக்க மறந்தால் ஃபில்டரைத் தாண்டிப் புழுதி நுழைய அதுவே வழியாகிவிடும்.

அப்படியே வலதுபக்கம் போய் இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபேனின் சல்லடை மூடியைப் பாருங்கள். ஸ்கூட்டர் இன்ஜின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பதால் அதற்குக் காற்று இந்த ஃபேன் வழியாகத்தான் போகிறது. ஒருமுறை விசைத்தறிகள் நிறைந்த சோமனூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் அந்தச் சல்லடைமேல் பஞ்சு விரிப்பு மாதிரி படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. உரித்த இடத்தில் சல்லடை புதிது போலப் பளபளப்பாக இருந்தது. மதிய வெயிலில் வண்டி இழுக்கவில்லை என்று அந்தப் பையன் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறான்.

6. ஸ்பார்க் பிளக்

இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றக் கூடாது. பிளக் மாட்டியிருக்கும் தலை அலுமினியம். சூட்டில் மரை எளிதாக உரிந்துவிடும், அதைச் சரிசெய்வது பெரிய செலவு.

பிளக் கேப்பை ஒயரைப் பிடித்து இழுக்காமல் கேப்பைப் பிடித்தே எடுங்கள். அடுத்து பிளக்கைத் தொடுவதற்கு முன், அதைச் சுற்றியிருக்கும் மண்ணைச் சைக்கிள் பம்ப்பால் ஊதுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஊதாமல் கழற்றினால் அந்த மணல் நேராகப் பிஸ்டன்மேல் விழும்.

கழற்றிய பிளக்கின் முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. கரி போல உலர்ந்த கறுப்பு என்றால் முதலில் ஏர் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, மெக்கானிக் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.7 முதல் 0.9 எம்எம்-க்குள் இருக்கும், மேனுவலில் உங்கள் வண்டிக்கு உரிய அளவைப் பாருங்கள். வளைக்க வேண்டியிருந்தால் ஓரத்துக் கொக்கியை மட்டும் மெதுவாக வளையுங்கள், நடு முனையைத் தொடாதீர்கள்.

மாட்டும்போது ஸ்பானர் இல்லாமல் விரலால் தொடங்குங்கள். முதலில் எதிர்ப்பக்கமாகத் திருகினால் ‘டக்’ என்று மரை உட்காருவது கையில் தெரியும். அதன்பிறகு வலப்பக்கம் திருகுங்கள். நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். இடையில் இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி வையுங்கள். விரலால் முடிந்தபின் புது பிளக்குக்கு ஸ்பானரால் அரைச் சுற்று. பழைய பிளக்கின் வாஷர் ஏற்கெனவே அமுங்கியிருப்பதால் அரைக்கால் சுற்று போதும்.

7. இன்ஜின் ஆயில்

இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்து நாலைந்து நிமிடம் ஓடவிடுங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி, அடியில் தங்கிய அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். ஆறிய ஆயில் பாதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நீளமாக ஓட்டிவிட்டு வந்து உடனே திறந்தால் கை வெந்துவிடும். ஓடும் நேரத்திலேயே பேட்டரியின் மூன்றாவது அளவையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை, புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்பி (JASO MB) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எம்ஏ (MA) என்று போட்டிருப்பது பைக்குக்கு. பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், அது வழுக்காமல் இருக்க அந்த வகை ஆயில் தேவை. ஸ்கூட்டரின் கிளட்ச் உலர்ந்த இடத்தில் தனியாக இருப்பதால், உராய்வைக் குறைக்கும் எம்பி வகையே ஏற்றது. கெட்டித்தன்மை பல வண்டிகளுக்கு 10டபிள்யூ30.

இனி மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ஸ்கூட்டருக்கு அடியில் வடிக்கும் போல்ட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று பின்சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டிக்கு. நாம் கியர் மாற்றுவதில்லையே தவிர, பின்சக்கரத்தைச் சுழற்றும் பற்சக்கரங்கள் அந்தப் பெட்டிக்குள் உண்டு. இரண்டிலும் ஆயில் வரும், இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

என் தங்கை மகன் முதல்முறை தனியாகச் செய்தபோது கியர் பெட்டி போல்ட்டைத் திறந்துவிட்டான். வடிந்து முடிந்ததும் மூடிவிட்டு, இன்ஜினில் 700 மிலி புது ஆயிலை ஊற்றிவிட்டான். ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை. எனக்குப் போன் வந்தது. “எவ்வளவு ஆயில் மாப்ள வந்துச்சு?” என்று கேட்டேன். “ஏனுங் மாமா, ஒரு டம்ளர்தானுங்க வந்துச்சு” என்றான். அப்போதே புரிந்துவிட்டது. பழைய ஆயிலோடு புது ஆயிலும் சேர்ந்து இன்ஜினில் இரண்டு மடங்கு, கியர் பெட்டியில் ஒரு சொட்டு இல்லை. உடனே நிறுத்தச் சொன்னதால் தப்பித்தது. ஏர் ஃபில்டர் மட்டும் ஆயிலில் நனைந்து வீணாகிவிட்டது.

ஆகவே வடியும் ஆயிலை அளவு போட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். இன்ஜின் ஆயில் வண்டியைப் பொறுத்து ஏறக்குறைய 600 முதல் 800 மிலி வர வேண்டும். ஒரு டம்ளர்தான் வந்தது என்றால் தப்பான போல்ட். மிகக் குறைவாக வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடித்திருக்கிறது என்பதும் இதிலேயே தெரியும்.

செய்யும் வரிசை: முதலில் மேலே இருக்கும் ஆயில் குச்சியைக் கழற்றுங்கள். காற்று உள்ளே போனால்தான் ஆயில் தடையில்லாமல் வடியும். பிறகு கீழே பாத்திரம் வைத்து, போல்ட்டை ஸ்பானரால் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளை விரலால் திருகுங்கள். திருகும்போது போல்ட்டை மேல்நோக்கி அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முழுக்கக் கழன்றதும் சட்டென்று விலக்கினால் கையில் ஆயில் கொட்டாது.

சில வண்டிகளில் இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு பெரிய மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங்கும் சல்லடையும் இருக்கும். திறந்தவுடன் ஸ்பிரிங் வெளியே வந்து விழும். எது முதலில் வந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சல்லடையை டீசலில் அலசி, காயவைத்து, அதே வரிசையில் வையுங்கள். அதில் மினுமினுக்கும் பொடி கொஞ்சம் இருந்தால் பயம் வேண்டாம். துண்டு துண்டாக உலோகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வடிய கால் மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் ஒன்பதாம் பகுதிக்குப் போய் பிரேக்கைப் பார்க்கலாம்.

போல்ட்டைப் புது வாஷரோடு விரலால் ஏற்றுங்கள். ஸ்பானரைப் போல்ட்டுக்கு அருகில் குட்டையாகப் பிடித்து இறுக்குங்கள். வாஷர் அமுங்குவது கையில் தெரியும், இன்னும் கொஞ்சம் இறுக்கி நிறுத்திவிடுங்கள். ஆயில் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஸ்பானர்மேல் பைப் மாட்டி இறுக்குகிறவர்கள்தான் இன்ஜினின் அடிப்பகுதியைப் பிளக்கிறார்கள்.

ஊற்றும்போது மேனுவல் அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மூன்று நிமிடம் பொறுத்துக் குச்சியைத் துடைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வெறுமனே நுழைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அதிகமாகக் காட்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று மேனுவலில் இருக்கும். அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி நிற்கட்டும். அதற்கு மேல் போக வேண்டாம்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். சாக்கடை போய்ச் சேருவது நொய்யல், மண்ணில் ஊற்றினால் இறங்குவது நம் கிணறு. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

8. கியர் ஆயில்

இதை ஒரேயடியாக மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அளவு சிறியது, பெரும்பாலும் 100 முதல் 120 மிலி.

இங்கே ஊற்றும் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும், வடிக்கும் போல்ட் அப்புறம். ஊற்றும் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்க, நீங்கள் வடிக்கும் போல்ட்டை முதலில் திறந்துவிட்டால், ஆயில் இல்லாத கியர் பெட்டியோடு மாட்டிக்கொள்வீர்கள். வண்டியை மெக்கானிக்கிடம்கூட ஓட்டிக்கொண்டு போக முடியாது.

துளை பக்கவாட்டில் இருப்பதால் புனல் வைக்க முடியாது. மாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மிலி பெரிய சிரிஞ்சில் ஒரு துண்டு டியூப் மாட்டி ஏற்றுங்கள், அளவும் சரியாக வரும். சில வண்டிகளுக்கு இன்ஜின் ஆயிலையே இதிலும் ஊற்றச் சொல்வார்கள், சிலவற்றுக்குத் தனி கியர் ஆயில்.

9. பிரேக்

டிரம் பிரேக்கை மட்டும் இங்கே சொல்கிறேன். டிஸ்க் பிரேக்கின் ஆயிலை வீட்டில் மாற்ற வேண்டாம். உள்ளே காற்று தங்கிவிட்டால் லிவர் அமுங்கும், வண்டி நிற்காது.

லிவரை விரலால் இழுத்தால், பிடிக்கத் தொடங்கும் முன் அதன் நுனி 10 முதல் 20 எம்எம் வரை சும்மா அசைய வேண்டும். அதற்கு மேல் போனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் கேபிள் முனையில் இருக்கும் நட்டை அரைச் சுற்று வலப்பக்கம் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். அந்த நட்டின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அது குறுக்குக் கம்பியின்மேல் சரியாக உட்கார வேண்டும். பாதியில் நின்றால் நாலு முறை பிரேக் அடித்ததும் தானே உட்கார்ந்து பிரேக் தளர்ந்துவிடும். புதியவர்கள் எப்போதும் கூடுதலாக இறுக்குகிறார்கள். சக்கரம் உரசிக்கொண்டே ஓடினால் டிரம் கொதிக்கும், பெட்ரோலும் வீண்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் இடது லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடு இருக்கும். அவற்றில் ஒரு பக்கம் மாற்றினால் அடுத்த பக்கத்தையும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

டிரம்முக்கு வெளியே பிரேக் கையில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது அந்த அம்பு எதிரே உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள், நட்டை இறுக்கிப் பயனில்லை. டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள்.

10. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

ஸ்பானரைக் கையில் எடுக்காமல் முதலில் ஒரு கேள்வி: செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறதா?

சுற்றவே இல்லை என்றால் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். புது வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்ட் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆகாது. அடுத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்விளக்கைப் பாருங்கள். பிரேக் பிடிக்காமல் செல்ஃப் வேலை செய்யாது. பிரேக் பிடிப்பதை வண்டிக்குச் சொல்வது லிவருக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர், “ஏனுங் தம்பி, பேட்டரி போயிருச்சுங்களா?” என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் தள்ளி வந்தார். புது பேட்டரிக்குப் பணமும் எடுத்து வைத்திருந்தார். ஹாரன் நன்றாகவே அடித்தது. இடது பிரேக்கைப் பிடித்தால் பின்விளக்கு எரியவில்லை, வலதைப் பிடித்தால் எரிந்தது. வலதைப் பிடித்து செல்ஃப் அடித்ததும் வண்டி ஓடியது. சின்ன ஸ்விட்ச் ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்தது.

‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் வந்தால் பேட்டரி முனைகள், அப்புறம் பேட்டரி. ஒன்றுமே எரியவில்லை என்றால் ஃபியூஸ். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றாதீர்கள், ஒயர் முழுக்க உருகிவிடும்.

சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். முள் காட்டுவதை நம்ப வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் வகை. சாவி போட்டதும் இரண்டு நொடி ‘ங்ங்’ என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், பேட்டரி, அதன்பின் பம்ப். அந்த பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது. டேங்கைக் காலியாக்கி ஓட்டும் பழக்கம் அதற்கு ஆகாது.

பம்ப் ஓடுகிறது என்றால் பிளக். தீப்பொறி வருகிறதா என்று பிளக்கை வெளியே வைத்துச் சோதிப்பதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பக்கத்தில் பொறி இருக்கும். கைவசம் நல்ல பிளக் ஒன்று வைத்திருந்து மாற்றிப் பார்ப்பதே பாதுகாப்பு. பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைத்து மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள்.

கொஞ்ச தூரம் ஓடி நின்று, ஆறியபின் ஸ்டார்ட் ஆகி, மறுபடி நிற்கிறதா? நின்ற உடனே பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

மழைநீர் தேங்கிய பாலத்துக்கு அடியில் இன்ஜின் நின்றுபோனால் மட்டும் செல்ஃபோ கிக்கோ அடிக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.

11. வீட்டில் கை வைக்க வேண்டாதவை

எஃப்ஐ வண்டியின் பெட்ரோல் ஹோஸ், அதற்குள் அழுத்தத்தோடு பெட்ரோல் நிற்கிறது. வால்வு இடைவெளி. டிஸ்க் பிரேக் ஆயில். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் பெல்ட்டை மாற்றுவது, அதற்குப் புல்லியைப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். பெல்ட் மூடியைத் திறந்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது வரை செய்யலாம். ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். பெல்ட்டில் கிரீஸ் ஒட்டிய கை படக் கூடாது, வழுக்கும்.

12. ஓட்டிப் பார்ப்பது

முதலில் நின்ற இடத்திலேயே இரண்டு பிரேக்கும் பிடித்துப் பாருங்கள். அப்புறம் வீதிக்குள் மெதுவாக ஒரு கிலோமீட்டர் போய்வந்து, நிறுத்தி, வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரியுங்கள். பத்து நிமிடம் கழித்துச் சொட்டு இருந்தால் எந்த போல்ட்டுக்கு நேர்கீழே என்று காகிதமே காட்டிவிடும். சுத்தமாக இருந்தால் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி சீட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். தூசிச் சாலையில் ஓடும் என் வண்டிக்கு 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், ஏர் ஃபில்டரை ஆடி முடிந்ததும் ஒருமுறை கட்டாயம் திறந்து பார்க்கிறேன்.